கரையில் நின்றவளின் முகம்

டூட்டிங்
16 பெப்ரவரி 2009

நேசனுக்கு,

நீ அந்தப் படத்தில் கைவைப்பதற்கு முன், ஆற்றங்கரையில் நின்ற பெண் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பதினெட்டு வருடம் என் கட்டிலுக்கு எதிரே தொங்கிய படம். எனக்குத் தெரியவில்லை.

இடப்பக்கம், படகைப் பார்த்து நின்றாள் என்று ஒருமுறை தோன்றுகிறது. பிறகு அது நானே இட்டுக்கட்டியதாகத் தோன்றுகிறது. இனிப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவளுக்கு இப்போது வட்ட முகம், சிவந்த உதடு, நீல முக்காடு, தலையில் பொன்முடி. கட்டைவிரல் உயரம் இருந்தவள் கையளவு ஆகிவிட்டாள். அவள் பெருத்த இடத்தில் முன்பு ஒரு படகும் இரண்டு பீப்பாய்களும் இருந்தன.

நேற்று மிச்சம் பகுதியில் இருக்கிற உன் வீட்டுக்கு வந்தேன். நீ சரக்கு வானை ஓட்டிக்கொண்டு வெளியே போயிருந்தாய். படத்தை எடுத்துப்போக வந்தேன் என்று றொசானாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது. "மச்சாள், அது இப்ப கோயில் மண்டபத்திலயெல்லே. இவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "வடிவா இருக்கென்ன?" என்றும் கேட்டாள். நான் வெளியே வந்து ட்ராம் ஏறிவிட்டேன். அவளிடம் கோபமில்லை என்று சொல்.

அந்தப் படத்தை உன்னிடம் எதற்காகத் தந்தேன் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். ஓகஸ்டில் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் என் கூரையால் இறங்கியது. கூரை திருத்தும்வரை ஈரம்படாத ஒரு சுவரில் மாட்டிவை என்றேன். அவ்வளவுதான். உனக்குத் தந்தேன் என்றோ, மாதாவுக்குத் தந்தேன் என்றோ சொல்லவில்லை. அது மாதாவின் படமும் இல்லை. ஆயிரத்து எழுநூறுகளில் ஜெர்மனியில் யாரோ ஒருவர் மரப்பலகையில் வரைந்த ஆறு. பாறை, இடிந்த கோபுரம், தூரத்து மலை, மாலை வெளிச்சம். சந்தைக்கோ எங்கேயோ போகிற ஒரு பெண். அதே ஜெர்மனியில், மைன்ஸில் திருமதி கிளாசனின் வீட்டில் நான் வேலை செய்த ஆறு வருடத்தில் அவர் எனக்குத் தந்த ஒரே பொருள் அது. "தூசு தட்டுவதற்கு முன் அதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான்" என்று சொல்லித் தந்தார்.

தொலைபேசியில் அழைக்காதே. எடுக்கமாட்டேன். குரலில் நீ எல்லாவற்றையும் சிரித்துச் சமாளித்துவிடுவாய். எழுது. யார் பூசியது, எதனால் பூசியது, ஏன் என்று எழுது. படத்தை மார்ச் முதலாம் திகதிக்குள் திருப்பிக் கொண்டுவா.

பியற்றிஸ்


மிச்சம்
21.02.2009

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சிட்டன். ஒரு முழுப் பக்கம். பீப்பாய் எத்தினையெண்டு இருக்குது. கூரைத் தண்ணி இருக்குது. கிளாசன் மனுசி சொன்னதும் இருக்குது. சூசையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு வரி, அக்கா. எங்கட தம்பி வன்னிக்குள்ள பெஞ்சாதியோடயும் மூண்டு பிள்ளையளோடயும் ஷெல்லுக்குள்ள கிடக்கிறான். உங்களுக்குப் படகைக் காணேல்லை.

ஏனெண்டு கேட்டியள். சொல்லுறன்.

படம் வீட்டுக்கு வந்த அண்டே றொசானா அதைச் செபம் பண்ணுற மூலையில மாட்டிட்டா. ஆத்தங்கரையில தனிய ஒரு பொம்பிளை நிண்டால் எங்கட சனத்துக்கு அது ஆரெண்டு சொல்லித்தரத் தேவையில்லை. சின்னவள் லக்‌ஷிகா ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தினவள். ஆறு மாசமா நாங்கள் அவவை மாதாவெண்டுதான் கும்பிட்டனாங்கள். நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்து போறனீங்களெண்டால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

தை மாதம் சூசை கடைசியா ஃபோன் எடுத்தவன். "அண்ணை, இனி எடுக்க ஏலுமோ தெரியாது, இந்த ஃபோன்காரரும் வெளிக்கிடினம்" எண்டவன். பின்னால பிள்ளை அழுற சத்தம். பிறகு ஒண்டுமில்லை. நான் அப்பிடியே அந்தப் படத்துக்கு முன்னால முழங்காலில விழுந்தன். அவன் குடும்பத்தோட உயிரோட வெளிய வந்தால் உன்னைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைக்கிறன் தாயே எண்டு நேர்ந்தன். உங்களைக் கேட்டுப்போட்டு நேர எனக்கு நேரம் இருக்கேல்லை.

நேர்த்தி நிறைவேறின பிறகுதான் குடுக்கிறது வழமை. எனக்குத் தெரியும். பொறுக்க ஏலாமல் முதலே குடுத்திட்டன். குடுக்கேக்க புகை பிடிச்சு மங்கிப்போன படத்தைக் குடுக்கலாமோ? ஊரில திருநாளுக்கு முதல் மாதா சுருவத்துக்குப் பெயின்ற் அடிக்காமல் வெளிய தூக்குறதோ? அருட்பிரகாசம் அண்ணையிட்டைக் குடுத்தன். அவர்தான் எங்கட மண்டபத்தில எல்லாச் சுருவத்துக்கும் அடிக்கிறவர். வேலை கார் கராஜில. கை சுத்தம். "முகமே விளங்கேல்லை, தம்பி, முகமில்லாமல் ஒரு மாதாவோ?" எண்டு கேட்டிட்டு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து செய்து தந்தவர்.

படம் உங்கடதான். நான் இல்லையெண்டேல்லை. ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதான். அதைத் திருப்பி எடுக்கிறதெண்டால் என்னெண்டு விளங்குதோ? நான் எடுக்கமாட்டன்.

உங்கட தம்பி,
நேசன்


டூட்டிங்
26 பெப்ரவரி 2009

நேசனுக்கு,

சூசையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்று எழுதியிருந்தாய். வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு காலையும் அவனுடைய எண்ணை அழைக்கிறேன். பதிவு செய்த ஒரு குரல் மூன்று மொழியில், இந்த இலக்கத்தைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்கிறது. தமிழ் கடைசியாக வரும். அதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வைக்கிறேன். இதை உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? நீ கேட்டதால் எழுதுகிறேன். இனி இதைக் கேட்காதே.

இப்போது உன் நேர்த்தி.

உன்னிடம் வீடு இருக்கிறது. கழுத்தில் சங்கிலி இருக்கிறது. மிச்சத்திலிருந்து ஈஸ்ட் ஹாம்வரை அரிசியும் மரக்கறியும் ஏற்றி ஓடுகிற வெள்ளை வான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதுபோல அதைக் குளிப்பாட்டுகிறாய். அதை நேர்ந்திருக்கலாமே. அந்த நேரத்தில் உன் வாயில் வந்தது உன்னுடைய பொருள் எதுவும் இல்லை. என்னுடையது வந்தது. பதறிப்போன நேரத்திலும் யாருடையதைக் கொடுக்கலாம் என்று உனக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

மாதா என்று ஒருவர் இருந்து, இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால், இன்னொருத்தியின் பொருளைக் கையூட்டாக வாங்கிக்கொண்டு ஐந்து பேரைக் காப்பாற்றுவார் என்று நீ நம்புகிறாய். எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறாயே. அவரைப் பற்றி உன் அளவுக்குக் கேவலமாக நான் நினைத்ததில்லை.

கல்லூரியில் என்னோடு படிப்பிக்கிற ஒருவர் மூலம் விம்பிள்டனில் பழைய படங்களைத் துப்புரவாக்கும் ஒரு பெண்ணோடு கதைத்தேன். கராஜில் அடிக்கிற பெயின்ற் என்றதும், பூசி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். பிறகு, பழைய படத்துக்கு மேலே மெருகெண்ணெய்ப் படலம் இருந்திருந்தால் கழற்றலாம், ஆனால் புதுப்பூச்சு இறுக இறுகக் கடினம், கோடை முடிவதற்குள் கொண்டுவாருங்கள் என்றார். பிந்தினால் மேலே இருப்பதோடு கீழே இருப்பதும் வந்துவிடுமாம்.

ஆகவே இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. பொறுத்திருந்தால் அந்த ஆறு இல்லாமல் போய்விடும்.

எனக்கு அது ஏன் என்று நீ ஒருபோதும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தபோது ஆறுகளைப் புத்தகத்தில்தான் படித்தேன். மைன்ஸில் றைன் நதி இருந்தது, ஆனால் அகதி முகாமிலிருந்து வேலைக்குப் போகும்போது அது நான் குளிரில் கடக்கவேண்டிய ஒரு பாலம். படத்தில் இருப்பது றைன் போல இருக்கும், ஆனால் றைன் இல்லை. தண்ணீர் அப்படி வளையாது, மலை அந்த இடத்தில் வராது. ஓவியர் நாலு இடத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார். "தேடிப் போகாதே, அப்படி ஓர் இடம் இல்லை" என்று திருமதி கிளாசன் சொன்னார். யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாத ஓர் இடமாக அது இருந்தது. போதுமா?

கோயில் ஃபாதரைப் பார்த்துப் பேசினேன். உரியவர் கேட்டால் தடுக்கமாட்டாராம். "குடும்பத்துக்குள்ள முடியுங்கோ" என்று கெஞ்சுவதுபோலச் சொன்னார். முடித்துக்கொண்டிருக்கிறேன்.

பியற்றிஸ்


மிச்சம்
09.03.2009

அன்புள்ள அக்காவுக்கு,

வானைப் பற்றிச் சொன்னது நெஞ்சில குத்திப்போட்டுது. குத்தத்தானே எழுதினியள். படிச்ச ஆக்களுக்கு ஊசி எங்க போடுறதெண்டு தெரியும்.

அந்த வான்தான் அக்கா என்ரை பிள்ளையளுக்குச் சோறு. ஜெர்மனியில பதினைஞ்சு வருசம் உணவகத்தில கோப்பை கழுவி, இஞ்ச வந்து வாங்கினது. நீங்கள் சிரிக்கலாம்.

வெள்ளிக்கிழமை செபமாலைக்கு மண்டபத்துக்கு வந்து பாருங்கோ. முந்தி இருபது பேர் வருவினம். இப்ப நிக்க இடமில்லை. எல்லாருக்கும் அங்கால ஆரோ இருக்கினம். முடிஞ்ச பிறகு ஒவ்வொருத்தராப் படத்துக்குக் கிட்டப் போய்ப் பேரைச் சொல்லுவினம், மெல்லமா. நான் பக்கத்தில நிண்டு கேக்கிறனான். பேர் மட்டும்தான். அதைச் செய்யச் சொல்லி ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. பெரிய சுருவத்துக்கு முன்னால செய்யினமில்லை. இதுக்கு முன்னாலதான் செய்யினம். ஏனெண்டு றொசானாவைக் கேட்டன். "அவவுக்குப் பின்னால ஆறு இருக்கு. தாண்டி வந்து நிக்கிற மாதிரி இருக்கு" எண்டா.

உங்கட ஃபாதர் கதையும் கேள்விப்பட்டன். நான் தடுக்கமாட்டன் அக்கா. வாங்கோ. வந்து சனத்துக்கு முன்னால கழட்டுங்கோ. ஒளிச்சு வந்து எடுக்காதேங்கோ. அந்தப் பேருகளைச் சொன்ன ஆக்களின்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு, இது என்ரை, நான் வாங்கிக்கொண்டு போறன் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு அது ஏலுமெண்டால் நான் வாயைத் திறக்கமாட்டன்.

அருட்பிரகாசம் அண்ணைக்கு உங்கட கோபத்தைச் சொன்னன். மனுசன் பயந்துபோனார். "தங்கச்சிக்கு நீலம் பிடிக்கேல்லையெண்டால் வேற நீலம் அடிச்சுத் தாறன்" எண்டார். சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்லை.

சூசையிட்ட இருந்து ஒண்டுமில்லை.

நேசன்


டூட்டிங்
30 மார்ச் 2009

நேசனுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். நேற்று வந்தேன். நீ அங்கே இல்லை. பிறகு யாராவது உனக்கு வேறுவிதமாகச் சொல்வார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

பூசை முடிந்து ஏழெட்டுப் பேர் மண்டபத்தில் நின்றார்கள். தபசு காலம் என்பதால் சுருவங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். என் படத்தையும் மூடியிருந்தார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு ஏறினேன்.

என் வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள். மேலே சூப்பர்மார்க்கற் சீருடை, வேலைக்குப் போகிற அவசரம்.

"படத்தைக் கழட்டுறியளோ?"

"ஓம். இது என்ரை."

"மாதா ஒராளின்ரையாய் இருக்க ஏலுமோ?"

"இது மாதா இல்லை. சந்தைக்குப் போற ஒரு பொம்பிளை. மேல பெயின்ற் அடிச்சிருக்கினம்."

அவள் கொஞ்ச நேரம் துணியையே பார்த்தாள். "அப்ப ஒரு கிழமைக்கு ஒருக்கா வந்து, சந்தைக்குப் போற பொம்பிளையிட்டையோ என்ரை மகனின்ரை பேரைச் சொன்னனான்" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து கதிரையின் இரண்டு காலையும் பிடித்தாள். "ஆடுது. விழுந்திடுவியள். எடுங்கோ."

எடுத்தேன். துணியோடு சேர்த்து எடுத்து வந்தேன், அங்கே நின்று அதை அவிழ்க்க முடியவில்லை. வாசலில் வந்து பார்த்தபோது அவள் கதிரையை அது இருந்த இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

நீ எதிர்பார்த்தது இதுதானே? சனத்தின் முகத்தைப் பார்த்தால் நான் வெட்கப்பட்டு விட்டுவிட்டுப் போவேன் என்று. அவர்களை எனக்கு எதிரே நிறுத்தியது நீ. அவள் பெற்ற பிள்ளையின் பெயரைப் பெயின்ற் பூசிய பலகையிடம் சொல்லவைத்ததும் நீ. என்னை அந்தக் கதிரையில் ஏற்றியதும் நீ. இந்த மூன்றில் எதற்கு உன்மேல் கூடக் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கோபமாக இருக்கிறேன்.

படம் என் வீட்டில், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

பியற்றிஸ்


மிச்சம்
08.04.2009

அக்கா,

மூடின துணியோட கொண்டுபோனியளாம். துணி கோயிலின்ரை. அதையாவது திருப்பி அனுப்புங்கோ. அதுவும் கிளாசன் மனுசி தந்ததெண்டு சொல்லமாட்டியளெண்டு நினைக்கிறன்.

மண்டபத்தில ஆணி மட்டும் இருக்குது. போன வெள்ளிக்கிழமை சனம் ஆணியைப் பாத்துக்கொண்டு நிண்டது. நான் வெளிய வந்திட்டன்.

நான் நேர்ந்தன், நீங்கள் பிடுங்கிப்போட்டியள். இனிச் சூசைக்கு ஒண்டு நடந்தால் நான் உங்களுக்குச் சொல்லமாட்டன். நீங்கள் காலமை காலமை எடுக்கிற அந்த இலக்கத்துக்கே எடுத்துக் கேளுங்கோ.

நேசன்


டூட்டிங்
15 ஏப்ரல் 2009

நேசனுக்கு,

துணி இத்துடன் வருகிறது. துவைத்து, அழுத்தியிருக்கிறேன். ஓரத்தில் மெழுகு இருந்தது, முழுதாகப் போகவில்லை. அது நான் எடுப்பதற்கு முன்பே இருந்தது.

உன் கடைசிப் பத்தியை நீ எழுதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பி.


மிச்சம்
28.05.2009

அக்கா,

சூசை கதைச்சவன்.

நீங்கள் ஃபோன் எடுக்கிறேல்லையெண்டபடியால் எழுதுறன். பத்துத் தரம் அடிச்சன், நீங்கள் எடுக்கேல்லை. லக்‌ஷிகாவின்ரை ஃபோனில இருந்து மெசேஜ் போட்டன், கண்டிருப்பியள். ஆனால் வடிவாச் சொல்லவேணும்.

வவுனியாவில முகாமுக்குள்ள இருக்கினம். ஆரோ ஒராளின்ரை ஃபோனில ஒளிச்சு எடுத்தவன். அஞ்சு பேரும் இருக்கினம். அஞ்சு பேரும். சூசைக்கு இடது கையில காயம், விரல் ரெண்டு மடங்காதாம். "அண்ணை, நடந்துதான் வந்தனாங்கள், கழுத்தளவு தண்ணி, சின்னவனைத் தலையில வச்சுக்கொண்டு வந்தனான்" எண்டவன். பிறகு, "அக்கா எப்பிடி, இப்பவும் முகத்தை நீட்டிக்கொண்டுதானோ?" எண்டு கேட்டவன். ஓமெண்டன். சிரிச்சவன். அவன் சிரிக்க நான் அழுதிட்டன்.

இப்ப கேளுங்கோ. அவன் வந்திட்டான். தண்ணியைத் தாண்டி வந்திட்டான். நேர்த்தி இப்ப கடன். முந்தி நான் அவசரப்பட்டுக் குடுத்தது, அது சரியில்லைத்தான், நீங்கள் திருப்பி எடுத்தியள், சரி. இப்ப குடுக்கவேண்டிய நேரம். நான் சண்டை பிடிக்கேல்லை. கேக்கிறன். படத்தைத் தாங்கோ. துப்புரவாக்கக் குடுக்காமல், அருட்பிரகாசம் அண்ணை செய்த மாதிரியே தாங்கோ, சனம் பேர் சொன்ன மாதிரியே.

தரேலாதெண்டால் அதையும் எழுதுங்கோ. எனக்குச் சூசையிட்டைச் சொல்ல ஒரு பதில் வேணும்.

நேசன்


டூட்டிங்
5 ஜூன் 2009, வெள்ளி

நேசனுக்கு,

உன் மகளின் செய்தியைக் கல்லூரியில், வகுப்பு நடக்கும்போது பார்த்தேன். மாணவர்களிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

படத்தைத் தரமாட்டேன்.

காரணம் சொல்கிறேன். கதிரையைப் பிடித்தாளே, அவளைப் போன வாரம் டூட்டிங்கில் மரக்கறிக் கடையில் கண்டேன். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மகனைப் பற்றிக் கேட்டேன். "ஒண்டும் தெரியாது. அவனோட நிண்ட பெடியன் ஒருத்தன் வந்திருக்கிறான், அவனுக்கும் தெரியாது" என்றாள். நீ கேட்ட அதே படத்திடம்தான் அவளும் கேட்டாள். உனக்கு ஐந்து பேரைத் தந்த பலகை அவளுக்கு ஒருவனைத் தரவில்லை. அவளிடம் போய், என் நேர்த்தி பலித்தது, பார் என்று அதை மறுபடி அந்த ஆணியில் மாட்டுவாயா? சூசை சூசையின் கால்களால் நடந்து வந்தான். கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிய கைகள் அவனுடையவை. அதற்கான பெருமையை அருட்பிரகாசத்தின் நீலத்துக்குக் கொடுக்க நான் உடன்படமாட்டேன்.

நேர்த்தி உன்னுடையது. உனக்கும் நீ நம்புகிறவருக்கும் இடையில் உள்ளது. உன்னுடையதில் இருந்து கொடு, அல்லது கொடுக்காமல் விடு. நான் அதில் இல்லை.

நாளை காலை பத்து மணிக்குப் படத்தைச் சோதித்துப் பார்க்க விம்பிள்டனுக்குக் கொண்டுபோகிறேன். ட்ராம் நிலையத்திலிருந்து இடப்பக்கம் இரண்டாவது தெரு, தச்சுப்பட்டறைக்கு மேல் மாடி. எனக்குத் தெரியாமல் செய்தாள் என்று நீ சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இன்றே அனுப்பினாலும் இது உனக்கு நேரத்துக்குக் கிடைக்காது என்பதால் இடத்தையும் நேரத்தையும் லக்‌ஷிகாவுக்குச் செய்தியாக அனுப்பிவிட்டேன். வருவதானால் வானைக் கொண்டு வா. திரும்பும்போது படத்தைப் பஸ்ஸில் தூக்கிவர எனக்கு விருப்பமில்லை.

6 ஜூன், சனி

நேற்று எழுதியதை அஞ்சலில் போடவில்லை. நீ இன்று அங்கே இருந்தாய். ஆனாலும் நடந்ததை எழுதிச் சேர்த்தே அனுப்புகிறேன், ஏனென்றால் சூசை வெளியே வந்தபின் நீ அவனுக்குச் சொல்லப்போகும் கதை வேறாக இருக்கும்.

நீ பிந்தி வந்தாய். கோயிலுக்குப் போகிற சேர்ட் போட்டிருந்தாய். எனக்கு வணக்கமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. படங்களைத் துப்புரவாக்கும் பெண் அதை மேசையில் கிடத்தி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, "இது என்ன கார் நீலம்?" என்று கேட்டாள். நீ உன் ஜெர்மன் ஆங்கிலத்தில் கம்பனியின் பெயரைச் சொன்னாய். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

இன்றைக்குச் சின்ன இடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிறேன் என்றாள். எந்த இடம் என்று கேட்டாள். நான் முகம் என்றேன். அதே நேரத்தில் நீ முகம் வேண்டாம் என்றாய். அவள் இருவரையும் பார்த்தாள். "படம் யாருடையது?" என்றாள். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் என்னுடையது என்றேன்.

பஞ்சுக் குச்சியால் உருட்டி உருட்டி எடுத்தாள். முதலில் பொன்முடி போனது. பிறகு உதடு. வெகுநேரம் பிடித்தது. பஞ்சு நீலமாக வந்துகொண்டிருந்தது. பிறகு பழுப்பாக வந்தபோது நிறுத்தினாள். பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தாள்.

அங்கே முகம் இல்லை, நேசன். ஒருபோதும் இருந்ததில்லை. பின்னலும், முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணியும், கழுத்தின் பின்பக்கமும். அவள் இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றை நோக்கிப் போகிறாள். அருட்பிரகாசம் ஒரு பிடரியில் முகத்தை வரைந்திருக்கிறார். நானும்தான் வரைந்திருக்கிறேன். பதினெட்டு வருடம் பார்த்துவிட்டு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று உனக்கு முதல் கடிதத்தில் எழுதினேன்.

நீ கண்ணாடியை வாங்கிப் பார்த்தாய். வெகுநேரம் தரவில்லை. பிறகு, "அப்ப இவ வரேல்லை. போறா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் நான் பார்க்கவில்லை.

மீதியை எடுக்க மூன்று மாதம் ஆகுமாம். அடுத்த மாதம் வேலையைத் தொடங்குவாளாம். அதுவரை வெயில் படாமல் வீட்டில் வைத்திருக்கச் சொன்னாள். கீழே இறங்கி வந்தோம்.

"வான் எங்க?" என்றேன்.

"ட்ராமில வந்தனான்."

"கொண்டு வரச் சொன்னனானெல்லோ."

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"கோயிலுக்கு. செவ்வாய்க்கிழமை. பேப்பர் எல்லாம் மாத்தி." பிறகு என்னைப் பார்த்தாய். "நீங்கள்தானே சொன்னியள், உன்ரையைக் குடு எண்டு. மாசி மாதம் எழுதினியள். மறந்திட்டியளோ?"

"நேசன், உனக்குப் பைத்தியமோ? எதில சாமான் ஏத்துவாய்?"

"தெரியாது. றொசானா என்னோட கதைக்கிறேல்லை. ஃபாதருக்கு வான் ஓடவும் தெரியாது, அங்க வாசலில நிக்குது. நீங்களும் தொடங்காதேங்கோ."

நான் தொடங்கினேன். பஸ் தரிப்பிடம்வரை நிறுத்தவில்லை. நீயும் நிறுத்தவில்லை. என்னென்ன சொன்னோம் என்பதை இங்கே எழுதவில்லை, இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். வானைத் திருப்பிக் கேட்டு நான் ஃபாதரிடம் போகமாட்டேன். அது உன்னுடையது, நீ கொடுத்தாய். நீ செய்தது மடத்தனம். ஆனால் அது உன்னுடைய மடத்தனம், என்னுடைய பொருளில் செய்ததில்லை.

பஸ்ஸில் சனம். கடைசி வரிசையில் இரண்டு இருக்கை கிடைத்தது. படத்தைப் போர்வையில் சுற்றியபடி இருவர் மடியிலும் குறுக்காக வைத்துக்கொண்டு இருந்தோம்.  டூட்டிங் பிரோட்வேக்கு முன்தரிப்பில் ஒரு வயதான வெள்ளைக்காரர் ஏறி, எங்களுக்குப் பக்கத்தில் நெருக்கி இருந்து, போர்வையைத் தொட்டு, இது உங்களுடையதா, கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று உன்னிடம் கேட்டார்.

நீ படத்தை உன் பக்கமாக இழுத்துக்கொண்டாய். "என்னுடையதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். "அக்காவுடையது."

பியற்றிஸ்